ஒரு மணி வேட்டு

மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தால் ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது என்று புலம்பும் வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். அதே வாயால், பேரன் பகலில் தூங்கவே மாட்டேன் என்கிறான், மருமகள் செல்போனில் மழைச் சத்தம் போட்டுத் தூங்க வைக்கிறாள் என்றும் அலுத்துக்கொள்கிறோம். போன வாரம் ஏரிக்கரையில் நடக்கும்போது உங்களில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "தம்பியைத் தூக்கி வளர்த்தவள் நீதானே, குழந்தையைத் தூங்க வைக்க ஒரு வழி சொல்லேன்" என்றாள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி நான் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அன்று சொல்லாமல் விட்டதை நம் குடியிருப்புப் பத்திரிகையில் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பல்லாவரத்திலிருந்து பம்மல் போகும் வழியில், மலையைப் பார்த்த ஒரு சந்தில் இருந்தது. ஒரே ஓட்டு வீட்டை நான்காகத் தடுத்து நான்கு குடித்தனம் வைத்திருந்தார்கள். எங்கள் பங்குக்கு ஒரு அறையும், அதை ஒட்டிச் சமைக்க ஒரு இடமும். எண்பதுகளில் அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மலைகளில் எல்லாம் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு தவிர தினமும் மத்தியானம் ஒரு மணி வாக்கில் வேட்டு வைப்பார்கள். முதலில் சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் சரிவில் நின்று விசில் ஊதுவான். விசில் நின்றபின் நூறு எண்ணுவதற்குள் வெடிக்கும். அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஓட்டு இடுக்கிலிருந்து மண் உதிரும். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு நறநறக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவருவார்கள், அப்புறம் அவர்களும் பழகிப்போவார்கள்.

அப்பாவும் பழகியவர்தான். அவருக்கு நிரந்தர நைட் ஷிஃப்ட். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு நொடி கண் செருகியதற்கு அது தண்டனை. அடுத்த மெஷின்காரருக்கு நாலு விரலும் போனதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. காலையில் வந்து குளித்து, நனைத்த துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தால் நாலு மணி வரை அவருக்குத் தூக்கம் வேண்டும். வேட்டுச் சத்தத்துக்கு அவர் அசைய மாட்டார். தம்பி அழுதால் மட்டும் எழுந்துவிடுவார். எழுந்தால் கைக்கு எட்டுவது பறந்து வரும். அம்மாவின் புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு ஒரு பித்தளைச் சொம்பு போட்டது.

அந்த வருடம்தான் அம்மா சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கப் போனாள். பெரிய லீவு விட்ட மறுநாள் காலையில் என்னைச் சமையல் இடத்துக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"த பாரு. சோறு ஆக்கி வச்சுட்டேன். அவனுக்கு ஊட்டிட்டு, பன்னெண்டரைக்குத் தூளில போட்டுடு. வேட்டுக்கு எழுந்துக்கினா கத்துவான். அவன் கத்துனா அப்பா தூக்கம் போச்சு. தூக்கம் போச்சுன்னா, அப்பாக்குக் கையே போயிடும். இன்னா, புரிஞ்சுதா?"

எனக்குப் பத்து வயது. தம்பிக்கு இரண்டு முடியவில்லை. புரிந்தது என்று தலையாட்டினேன். நிஜமாகவே புரிந்தது, அதுதான் கஷ்டம். அந்தக் கோடை முழுவதும் என் கனவில் அப்பாவின் கை தனியாக மெஷின் மேல் கிடந்தது.

அம்மாவின் கடுகு நிறப் புடவையில் தூளி. மேலே உத்தரத்தில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு இரும்பு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குக் கீழே துணி சுருங்கிக் குழந்தையை மூடிவிடாமல் இருக்க ஒரு தொட்டில் கட்டை. அந்த ஸ்பிரிங் கிறீச்சிடும். தினமும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவேன். அந்தக் கட்டையில் சிவப்பும் பச்சையுமாக வளையம் போட்டிருந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு ஆடுவான். எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இன்று கிடைத்தாலும் என் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குத் தாலாட்டுத் தெரியாது. அம்மா பாடிக் கேட்டதும் இல்லை, அவளுக்கு எங்கே நேரம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ரயில் ஸ்டேஷன் பெயர்கள்தான். தாம்பரத்தில் ஆரம்பிப்பேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று ஒவ்வொன்றாக இழுத்து, ஒரு பெயருக்கு ஒரு ஆட்டு. பல்லாவரம் வரும்போது தம்பி "நம்ம ஊரு" என்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரிப்பான். நல்ல நாளில் மாம்பலம் வருவதற்குள் தூங்கிவிடுவான். அடம் பிடிக்கும் நாளில் பீச் வரை போய், அங்கிருந்து திரும்பி வருவேன்.

தூங்க வைப்பது பாதி வேலை. விசில் கேட்டதும் தூளியை நிறுத்தி, துணியை விலக்கி, இரண்டு உள்ளங்கையாலும் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு மனசுக்குள் எண்ணுவேன். வெடிக்கும்போது அவன் உடம்பில் ஒரு துள்ளல் ஓடும். அதை அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். கண் திறந்தாலும் என் முகத்தைப் பார்த்ததும் திரும்ப மூடிக்கொள்வான். இந்த உபாயத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டாம் நாள் அவன் அலறி, அப்பா எழுந்து, என் முதுகில் நாலு வாங்கிய பிறகு நானே கண்டுபிடித்தது.

பக்கத்துக் குடித்தனத்தில் ஒரு டீச்சர் இருந்தாள். கல்யாணம் ஆகாதவள், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிறவள். தடுப்புச் சுவர் ஓடு வரை எழும்பாததால் நான் ஸ்டேஷன் பெயர் சொல்வது அவளுக்கும் கேட்கும். "இன்னைக்கு ட்ரெயின் எங்க நின்னுச்சு?" என்று குழாயடியில் கேட்பாள். "கிண்டி டீச்சர்" என்பேன். அந்த லீவில் என்னோடு சிரித்துப் பேசிய பெரியவள் அவள் ஒருத்திதான்.

மே மாத ஆரம்பத்தில் தம்பிக்கு உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் முகமெல்லாம் மணல் தூவியதுபோல் பொரிந்தது. அம்மா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மணல்வாரி அம்மை. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அம்மா சம்பளமில்லாமல் லீவு போட்டாள். தாளிப்பு நின்றது, எண்ணெய் நின்றது. அப்பா கம்பெனி ஷெட்டிலேயே படுத்துக்கொண்டார். நான் வேப்பங்கொத்தால் தம்பியைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றுவதற்கு முந்தின நாள் அவன் வலது காதிலிருந்து மஞ்சளாக வழிந்தது. மறுநாள் இடது காதிலும். தலையணை உறை நாறியது. டீச்சர் வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவிடம் சொன்னாள்.

"அக்கா, காதுல சீழ் வந்தா விடக் கூடாது. ஸ்டேஷன்கிட்ட டாக்டர் இருக்கார், நான் கூட வரேன். ஒரு ஊசி போட்டா நின்னுடும்."

"ஆத்தா வூட்ல இருக்க சொல்ல ஊசி கீசின்னு பேசாதீங்க டீச்சர். முத்து உள்ளயும் போட்டுகீறா. அது வெளிய எறங்குது. எறங்கட்டும்."

"அது அப்படி இல்லக்கா..."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வுடுங்க."

டீச்சர் போய்விட்டாள். அம்மாவை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த ஒரு குழந்தையை, அம்மை கண்டபோது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசி போட்ட அன்றே பறிகொடுத்தவள். சாமி கோபித்துக்கொண்டுவிட்டாள் என்று தெருவே சொன்னது. இந்த முறை சாமிக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். துணியைத் திரித்துக் காதைத் துடைத்துத் துடைத்து, பத்து நாளில் வழிவது நின்றது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அம்மா கூழ் ஊற்றினாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அவள் மறுபடி வேலைக்குப் போனாள், அப்பா வீட்டுக்கு வந்தார்.

முதல் நாள் வழக்கம்போல் காதைப் பொத்தினேன். வெடித்தது. என் கைக்குள் எப்போதும் ஓடும் அந்தத் துள்ளலைக் காணோம். நன்றாகப் பொத்திவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டாம் நாள் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். விசில் ஊதியது லாரிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வேட்டு வெடித்ததும் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். தம்பி தூளியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? பின்பக்கம் போய்ச் சத்தமில்லாமல் குதித்தேன்.

மூன்றாம் நாள் நான் பொத்தப் போகவே இல்லை. எதிர்ச் சந்துப் பெண்களோடு கல்லாங்காய் ஆடினேன். அதன்பின் தினமும் ஆட்டம்தான்.

ஆனால் நான் குருடி இல்லை. ஸ்டேஷன் பெயர் சொன்னால் தம்பி இப்போது பல்லாவரத்துக்குச் சிரிப்பதில்லை. என் வாயையே பார்த்தான். விரலை நீட்டி என் உதட்டைத் தொட்டான். "அக்கா" என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் "அஆ" என்றான், பிறகு "ஆ" என்று மட்டும் சொன்னான். ஒரு நாள் வேண்டுமென்றே அவன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். உள்ளே அப்பா "எவ அவ?" என்று உறுமினார். தம்பி திரும்பவில்லை. தீப்பெட்டியைத் தள்ளி விளையாடிக்கொண்டே இருந்தான்.

பத்து வயதுப் பெண்ணுக்கு இதற்கு அர்த்தம் தெரியாதா என்றால், தெரிந்தது. தெரிந்த அந்த நிமிஷமே என் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டேன். நான்தான் அமுக்கி அமுக்கிக் காதை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். காதிலிருந்து வழிந்தது நான் உடைத்ததனால் வழிந்தது; சொன்னால் அப்பா என்னைக் கொன்றுவிடுவார்.

பயம் மட்டும் காரணம் என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த வாரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "இப்பல்லாம் பையன் சத்தமே காணோம். நல்லாத் தூங்க வைக்கிற. கெட்டிக்காரி" என்று சொல்லித் தலையில் கை வைத்தார். அப்பாவின் கை என் மேல் அடிக்காமல் பட்டது அதுதான் எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை. அம்மா எனக்கு ஒரு பச்சை ரிப்பன் வாங்கி வந்தாள். அம்மை வந்துபோன வீடு, ஆத்தா பிள்ளையை அடக்கிக் கொடுத்துவிட்டாள் என்று குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள். அம்மாவின் முகம் அந்த இரண்டு மூன்று வாரம் இருந்ததுபோல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் வீட்டில் இருக்கும்போது, வேட்டே இல்லாத நாளிலும், நான் தம்பியைத் தூளியில் போட்டு அவன் காதுகளைப் பொத்திக் காட்டுவேன். தம்பியும் தன் கைகளைத் தூக்கித் தன் காதில் வைத்துக்கொண்டு சிரிப்பான். அவனுக்கு அது விளையாட்டு.

டீச்சர் மட்டும் என்னைக் குழாயடியில் நிறுத்திக் கேட்டாள்.

"பாப்பா, தம்பியை நான் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறான். நீ கூப்பிட்டா திரும்புறானா?"

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு, "திரும்புறான் டீச்சர்" என்றேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் விஷயம் உடைந்தது. சாயங்காலம் அப்பா கடைக்குப் போய்விட்டுச் சைக்கிளில் சந்துக்குள் வந்தார். தம்பி நடுச் சந்தில் குந்தி மண் அள்ளிக்கொண்டிருந்தான். அப்பா பெல் அடித்தார். மறுபடி அடித்தார். இரண்டு தடவை பெயர் சொல்லிக் கத்தினார். முதுகுக்கு ஒரு முழம் பின்னால் பிரேக் போட்டு, இறங்கி, "எம்மாந் திமிருடா ஒனக்கு, கூப்பிட கூப்பிட ஒக்காந்துகினு கீற!" என்று அறைந்தார். குழந்தை எதற்கு என்று தெரியாமல் மண் கையோடு மல்லாந்து விழுந்தான். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது டீச்சர் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"சார், அடிக்காதீங்க! அவனுக்குக் காது கேக்கல சார்!"

"இன்னா சொல்றீங்க?"

"பத்து நாளா பாக்கறேன். நீங்களே பாருங்க."

தம்பியைத் தூக்கி அந்தப் பக்கம் பார்க்க உட்கார வைத்து, அவன் தலைக்குப் பின்னால் டீச்சர் கை தட்டினாள். ஓங்கித் தட்டினாள். அம்மா வாசல்படியில் முறத்தோடு நின்றிருந்தாள். தம்பி விக்கிக்கொண்டே கீழே கிடந்த மண்ணை எடுத்தான். அப்பா சைக்கிளை விட்டுவிட்டார், அது சாய்ந்து விழுந்தது. அதற்கும் அவன் திரும்பவில்லை.

மறுநாள் எல்லாரும் எழும்பூருக்கு ரயிலில் போனோம். ஜன்னலோரம் என் மடியில் தம்பி. நான் அத்தனை நாள் வாயால் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக நிஜமாக வந்தன, மஞ்சள் பலகையும் கூட்டமுமாக. நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. அவன் அடிக்கடி திரும்பி என் வாயைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். இரண்டு காதிலும் எல்லாம் கரைந்துபோய்விட்டது என்றாள். அம்மாவிடம் கேட்டாள்.

"சீழ் வந்தப்பவே ஏம்மா கொண்டு வரல? சரி, எப்பலேருந்து கேக்கல? அதாவது தெரியுமா? மூணு வாரம் முன்னாடி வந்திருந்தாக்கூட ஒரு காதையாவது பார்த்திருக்கலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். "பகல்ல இவதான் மேடம் பாத்துக்கினா. ஏய், உனக்கு ஏதனா தெரிஞ்சுதா?"

எனக்கு நாளே தெரியும். மூன்றாம் தண்ணீர் ஊற்றின மறுநாள், மத்தியானம் ஒரு மணி.

"தெரியாது" என்றேன்.

அன்று ரயில் ஏறியதிலிருந்து அம்மா சாகும்வரை, அப்பா ஒன்றை மட்டும்தான் பேசினார். குடித்தாலும் அதுதான், குடிக்காவிட்டாலும் அதுதான்: "புள்ள காதை அவிச்சவ." அம்மா ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. வேப்ப மரத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். காதை உடைத்தது என் கை இல்லை, அம்மைதான் என்பது எனக்கு நர்சிங் படித்தபோது தெரிந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த மூன்று வாரப் பழி என்னுடையது, அதை மட்டும் என்னிடம் கொடு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். முழுப் பழியையும் அவள் தலையிலேயே விட்டுவைத்தேன். அவள் கடைசியாகக் கிடந்த படுக்கைக்குப் பக்கத்திலும் நான்தான் இருந்தேன், அங்கேயும் சொல்லவில்லை. இதை நான் மன்னித்துக்கொள்ளவில்லை, நீங்களும் மன்னிக்க வேண்டாம்.

தம்பி காது கேளாதவர் பள்ளியில் படித்தான். இன்று பிரஸ் மெஷினில்தான் வேலை, அப்பா பார்த்த அதே மாதிரி வேலை. சத்தம் இவனைத் தொந்தரவு செய்யாதே என்று கம்பெனியில் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். விரல் பத்தும் இருக்கிறது. கட்டியவளுக்கும் காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஊரப்பாக்கத்தில் என் ஃபிளாட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவன் என்னைக் கூப்பிடும் விதம் உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். எதிரே வந்து நின்று, இரண்டு உள்ளங்கையாலும் தன் காதுகளைப் பொத்திக்கொள்வான். அவன் கைகளில் எனக்கு அதுதான் பெயர், தூளியில் கிடந்த நாளிலிருந்து. நாற்பது வருடமாக, அவன் அப்படி வந்து நிற்கும்போதெல்லாம் நான் அவன் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுகிறேன்.

சென்ற மாதம் அவன் மனைவி, அக்காவுக்கு ஏன் இந்தச் சைகை என்று அவனைக் கேட்டிருக்கிறாள். சாப்பாட்டு மேஜையிலேயே பால் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் அவன் எழுதி அவளிடம் காட்டினான். பிறகு சரிதானே என்பதுபோல் என்னிடமும் நீட்டினான். பேனாவையும் கொடுத்தான்.

"சின்ன வயசுல நான் தூங்கறப்ப பெரிய சத்தம் வரும். அக்கா அது என்கிட்ட வராம பாத்துக்குவா."

கீழே நிறைய இடம் இருந்தது. நான் "ஆமாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே போய்க் கூடத்தில் தரையில் படுத்து, இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டான்.

என் தம்பி கைக்குக் கிடைத்த பத்திரிகையை எல்லாம் ஒரு வரி விடாமல் படிக்கிறவன். இதையும் படிப்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் வந்து நின்று என்னை எப்படிக் கூப்பிடுவான் என்று எனக்குத் தெரியவில்லை.